காய்ச்சல் விட்ட பின்பும் தொடரும் போராட்டம்
எலிக்காய்ச்சலும் எமது உடலின் காவலும்

மாரி பெய்து வயல்களில் தண்ணீர் நிற்கும் காலம் கமக்காரருக்கு நம்பிக்கையின் காலம். அதுவே எலிக்காய்ச்சலின் காலமும் ஆகும் என்பதைப் பலர் அறிவார்கள். ஆனால் அந்த நோய் உடலுக்குள் புகுந்ததும் என்ன நடக்கிறது, உடல் அதனை எவ்வாறு எதிர்க்கிறது, அந்த எதிர்ப்பு எந்த இடத்தில் பிந்திவிடுகிறது என்பவை பலருக்குத் தெரிவதில்லை. இந்த அறியாமையால் காப்பாற்றக்கூடிய உயிர்களும் போய்விடுகின்றன.

வன்னியிலுள்ள வயற்கிராமம் ஒன்றில் நாம் எதிர்கொண்ட கேள்வி ஒன்றுடன் இதனைத் தொடங்குவோம்.

அந்தக் குடும்பத் தலைவருக்கு வயது நாற்பத்தைந்துக்குக் கிட்ட. மார்கழி மழையில் உடைந்த வரம்பைக் கட்டுவதற்கும் வாய்க்காலைத் துப்புரவு செய்வதற்கும் மூன்று நான்கு நாட்கள் முழங்காலளவு தண்ணீரில் நின்றவர். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. தலையிடியும் கெண்டைக்கால் நோவும் இருந்தன. "மண்வெட்டி பிடித்த அலுப்பு" என்று வீட்டில் எண்ணினார்கள். கடையில் பனடோல் வாங்கிக் குடித்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று எழுந்து கஞ்சி குடித்தார். அடுத்த நாள் வயலைப் பார்த்து வரவும் போனார். எட்டாம் நாள் கண் மஞ்சளித்தது, சலம் போவது குறைந்தது, மூச்சு வாங்கியது. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்ற இரண்டாம் நாள் இறந்துவிட்டார்.

31ஆம் நாள் திருப்பலி முடிந்து அந்த வீட்டுத் திண்ணையில் இருந்தபோது அவருடைய மனைவி எம்மிடம் கேட்டார்: "காய்ச்சல் விட்டிட்டுதுதானே சுவாமி. பிறகேன் இப்பிடி நடந்தது?"

இது ஆறுதல் வார்த்தையால் மூடிவிட வேண்டிய கேள்வி அல்ல. இதற்குத் தெளிவான விடை உண்டு. அந்த விடை ஒவ்வொரு கமக்காரக் குடும்பத்திற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள்

எம்மைச் சுற்றி எங்கும் நுண்ணங்கிகள் வாழ்கின்றன. மண்ணிலும் நீரிலும் காற்றிலும், எமது தோலிலும் குடலிலும் அவை கோடிக்கணக்கில் உள்ளன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை எமக்குத் தீங்கு செய்வதில்லை. பாலைத் தயிராக்குவது நுண்ணங்கி. கள்ளைப் புளிக்க வைப்பதும் நுண்ணங்கியே. உழுந்து, பயறு, கச்சான் ஆகியவற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றுள் இருக்கும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்கு உரமாகக் கொடுக்கின்றன. குப்பையை எருவாக்கித் தருவதும் இவைதான். நுண்ணங்கி இல்லையேல் வேளாண்மையே இல்லை எனலாம்.

ஒரு சிறு பகுதியே நோயை விளைவிப்பவை. இவற்றை நான்கு வகையாகப் பிரித்து விளங்கிக்கொள்வது இலகு. முதலாவது பற்றீரியா, எலிக்காய்ச்சல், காசநோய், ஏற்பு வலி, நெருப்புக் காய்ச்சல் என்பன இவற்றால் வருகின்றன. இரண்டாவது வைரசு, டெங்கு, சின்னமுத்து, விசர்நாய்க்கடி நோய், தடிமன் என்பன இவற்றால் வருகின்றன. மூன்றாவது பங்கசு; தேமல், படர்தாமரை போன்றவை இவற்றைச் சேர்ந்தவை. நான்காவது மலேரியா, வயிற்றுளைவு போன்றவற்றை உண்டாக்கும் ஒற்றைக்கல உயிர்கள். இந்த வேறுபாடு வெறும் பாடப்புத்தக அறிவு அல்ல. ஒரு வகைக்கு உரிய மருந்து மற்ற வகைக்கு உதவாது என்பதால் இதனை மனதில் வைத்திருப்பது அவசியம்.

எலியிலிருந்து மனிதனுக்கு

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியாவுக்கு லெப்டோஸ்பைரா என்று பெயர். சுருள் கம்பி போன்ற உடலும், கொக்கி போல வளைந்த முனையும் கொண்டது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாத்திரமே. திருகாணி போலச் சுழன்று சுழன்று நீந்திச் செல்லும்.

இது எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. வியப்பு என்னவெனில் எலிக்கு இதனால் நோய் வருவதில்லை. எலி ஓடியாடித் திரிகிறது. அதன் சலத்துடன் நுண்ணங்கியும் நாள்தோறும் வெளியேறுகிறது. எலி மட்டுமன்றி மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியவையும் இதனைச் சுமக்கக்கூடும். வரம்புப் பொந்துகளில் வாழும் எலிகளின் சலம் மழை நீருடன் வயலில் கலக்கிறது. ஈரமான மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் இந்த நுண்ணங்கி வாரக்கணக்கில் உயிர்வாழும். வெயிலில் காய்ந்தாலோ உப்பு நீரில் அகப்பட்டாலோ விரைவில் இறந்துவிடும். மாரியில் இந்நோய் பெருகுவதற்கும் கோடையில் குறைவதற்கும் இதுவே காரணம்.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் என்ற சந்தேகத்தின் பேரில் பதிவாகினர். ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். 2024 நவம்பர் இறுதியில் பெய்த கடும் மழை வெள்ளத்தின் பின்னர், டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலால் சில நாட்களுக்குள் பலர் உயிரிழந்தனர். முதலில் இனந்தெரியாத காய்ச்சல் என்று ஊரெல்லாம் பேசப்பட்டது; பின்னர் அது எலிக்காய்ச்சல் என்று உறுதி செய்யப்பட்டது. உலகளவில் ஆண்டுதோறும் சுமார் 10 இலட்சம் பேரை இந்நோய் பிடிக்கிறது என்றும், அவர்களில் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்றும் 2015இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது.

"எங்கள் பாட்டன் பூட்டன் செருப்பில்லாமல்தானே உழுதார்கள்?"

கமக்காரர் கூட்டங்களில் இந்தக் கேள்வி தவறாமல் எழும். எலியும் வயலும் என்றும் இருந்தவைதானே, இந்த நோய் மட்டும் எங்கிருந்து வந்தது என்பார்கள். நோய் புதிதல்ல, பெயர்தான் புதிது என்பதே விடை. யப்பானில் நெல் விதைத்த மக்கள் விஞ்ஞானிகளுக்கு வெகு காலம் முன்பே இதனை 'இலையுதிர்காலக் காய்ச்சல்' என்றும் 'ஏழு நாள் காய்ச்சல்' என்றும் அழைத்து வந்தார்கள். எமது முன்னோரும் இதனால் இறந்திருப்பார்கள். அப்போது அது விஷக்காய்ச்சல் என்றோ மஞ்சட்காமாலை என்றோ சொல்லப்பட்டிருக்கும்.

1886இல் ஜேர்மனிய வைத்தியரான அடோல்ப் வைல், காய்ச்சலும் மஞ்சள் நிறமும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வரும் தனி நோயாக இதனை விபரித்தார். ஆனால் காரணம் அவருக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின், யப்பானின் கியூசு தீவில் நீர் கசியும் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களிடையே பரவிய இந்நோயை ஆராய்ந்த இனாடா, இடோ என்னும் வைத்தியர்களும் அவர்களுடைய சகாக்களும் இந்தச் சுருள் நுண்ணங்கியைக் கண்டுபிடித்தார்கள். எலியே இதனைச் சுமந்து திரிகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். இந்த நோயின் வரலாறு தொடக்கத்திலிருந்தே ஈரத்தில் நின்று உழைக்கும் ஏழைத் தொழிலாளரின் வரலாறாகவே இருக்கிறது.

முதலாவது காவல்: தோல்

எமது உடலைக் காக்கும் முதலாவது மதில் தோல். காயமில்லாத, காய்ந்த தோலை ஊடறுத்து நுண்ணங்கி புகுவது கடினம். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் நுண்ணங்கிகளை அழிக்கும் பொருட்கள் உண்டு. இரைப்பையிலுள்ள அமிலம் உணவோடு வருபவற்றில் பெரும்பங்கை அழித்துவிடுகிறது.

ஆனால் கமக்காரருடைய கால் எப்படி இருக்கிறது? பித்தவெடிப்பு, விரலிடுக்கில் சேற்றுப்புண், நெற்தாள் கீறிய காயம், முள் குத்திய துளை. போதாக்குறைக்கு மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறிய தோல் மெதுமையாகிவிடுகிறது. மதிலில் எத்தனை ஓட்டைகள்! லெப்டோஸ்பைராவுக்கு இவற்றில் ஒன்று போதும். கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் அது புகும். வேலை முடிந்து அதே வாய்க்காலில் முகம் கழுவுபவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காவல்: தின்குழியங்கள்

மதிலைத் தாண்டி வந்தவனை எதிர்கொள்ள உள்ளே காவலாளிகள் இருக்கிறார்கள். இதனைக் கண்டறிந்த கதை சுவையானது. 1882இல் ருசிய நாட்டு விலங்கியல் அறிஞரான இலியா மெச்னிக்கோவ், இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்னும் கடற்கரை நகரில் தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் குடம்பி கண்ணாடி போன்ற உடல் கொண்டது. உள்ளே நடப்பது வெளியே தெரியும். அவர் றோசாச் செடியின் முள்ளொன்றை அதன் உடலில் குத்தி வைத்தார். மறுநாட் காலையில் பார்த்தபோது, அசையும் சிறு கலங்கள் பல திரண்டு வந்து அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை உடலே தேடிச் சென்று எதிர்க்கிறது என்ற உண்மை அன்று புலப்பட்டது. இதற்காக 1908இல் அவருக்கு, போல் ஏர்லிக் என்பவருடன் சேர்த்து, நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

எமது காலில் முள் குத்தினாலும் நடப்பது இதுவே. குருதியிலுள்ள வெண்குழியங்கள் அவ்விடத்திற்கு விரைகின்றன. இரத்த ஓட்டம் கூடி அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, நோகிறது. வெண்குழியங்களில் ஒரு வகையினவான தின்குழியங்கள் நுண்ணங்கிகளை விழுங்கிச் செரிக்கின்றன. இந்தப் போரில் மடிந்த வெண்குழியங்களும் நுண்ணங்கிகளும் சேர்ந்ததே சீழ். காற்புண் பெருத்தால் கவட்டில் நெறி கட்டுவதையும் நாம் கண்டிருக்கிறோம். அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் காவற்சாவடிகள் போன்றவை. அங்கே போர் நடப்பதால் அவை வீங்குகின்றன.

லெப்டோஸ்பைராவோ இந்தக் காவலை ஏமாற்றுவதில் கைதேர்ந்தது. புகுந்த இடத்தில் சீழோ வீக்கமோ பெரும்பாலும் காணப்படுவதில்லை. அதன் மேலுறையிலுள்ள ஒரு பொருளைச் சுண்டெலியின் காவற்கலங்கள் உடனே இனங்கண்டு கொள்கின்றன. மனிதனின் காவற்கலங்கள் அதே பொருளை அவ்வாறு இனங்காண்பதில்லை என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். கள்வன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடுகிறான். இரத்தத்தில் கலந்து ஈரல், சிறுநீரகம், சுவாசப்பை, தசை எங்கும் பரவுகிறான். இவ்வாறு சத்தமின்றிக் கழியும் நாட்கள் பெரும்பாலும் 5 முதல் 14 வரை. வயலில் இறங்கியதற்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை நோயாளியே மறந்துவிடுவது இதனால்தான்.

மூன்றாவது காவல்: பிறபொருளெதிரிகள்

மூன்றாவது காவல் மிக நுட்பமானது. இதனை ஒரு கொல்லன் பட்டறைக்கு ஒப்பிடலாம். நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் உள்ள ஒருவகை வெண்குழியங்கள், வந்திருக்கும் நுண்ணங்கியின் உருவத்தைப் பார்த்து, அதற்கு மட்டும் பொருந்தும் ஆயுதத்தைச் செய்கின்றன. இந்த ஆயுதமே பிறபொருளெதிரி. அது நுண்ணங்கியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் தின்குழியங்கள் அதனை எளிதில் அடையாளம் கண்டு விழுங்குகின்றன. ஏமாற்றிய கள்வனின் முதுகில் சுண்ணாம்பு பூசிவிட்டது போல என்று சொல்லலாம்.

ஆனால் பட்டறைக்கு நேரம் வேண்டும். முன்பின் அறியாத நுண்ணங்கிக்குப் பொருத்தமான ஆயுதத்தை வடித்து, போதிய அளவில் உற்பத்தி செய்ய ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். இந்த ஒரு வாரத்தைத்தான் வாசகர்கள் முக்கியமாக மனதில் பதிக்க வேண்டும். உடல் சோம்பலாக இருப்பதில்லை. ஆனால் அதன் மிகச் சிறந்த ஆயுதம் உடனே கைக்கு வருவதில்லை. இந்த இடைவெளியில் யார் முந்துவது என்பதே நோயாளியின் கதியைத் தீர்மானிக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். எலிக்காய்ச்சலுக்கு வழக்கமாகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகளிற் பல இந்தப் பிறபொருளெதிரியையே தேடுகின்றன. முதல் சில நாட்களில் உடல் அதனை இன்னும் ஆக்கியிராது. ஆகவே பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. இதனால் வைத்தியர்கள் முடிவுக்காகக் காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தேகம் அவர்களுக்கு எழ வேண்டுமானால், "நான் இரண்டு கிழமைக்கு முன் வயலில் இறங்கினேன்" என்று நோயாளி சொல்ல வேண்டும். இந்த ஒரு வசனம் எந்தப் பரிசோதனைக்கும் குறையாத பெறுமதி உடையது.

காய்ச்சல் விட்டால் நோய் விட்டதா?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

காய்ச்சலை நாம் நோய் என்று எண்ணுகிறோம். உண்மையில் காய்ச்சல் உடல் தானே மூட்டும் நெருப்பு. போரிடும் வெண்குழியங்கள் இரத்தத்தில் விடும் சில பொருட்கள் மூளைக்குச் செய்தி கொண்டு செல்கின்றன. மூளை உடலின் வெப்பத்தை உயர்த்துகிறது. அதற்காகவே குளிர்ந்து நடுங்குகிறோம், போர்வையைத் தேடுகிறோம். அளவான வெப்பத்தில் காவற்கலங்கள் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன.

பனடோல் இந்த நெருப்பைத் தணிக்கும், நோவைக் குறைக்கும். அதனைக் குடிப்பது தவறல்ல. ஆனால் அது ஒரு நுண்ணங்கியையேனும் கொல்வதில்லை. வீட்டில் தீப்பற்றியதை அறிவிக்கும் மணியின் சத்தத்தைக் குறைப்பது தீயை அணைப்பது ஆகாது.

எலிக்காய்ச்சல் பலரிடம் இரண்டு கட்டமாக வருகிறது. முதற் கட்டம் ஏறக்குறைய ஒரு வாரம். அப்போது நுண்ணங்கி இரத்தத்தில் திரிகிறது. பிறபொருளெதிரிகள் தயாரானதும் இரத்தத்திலிருந்து அது துரத்தப்படுகிறது. காய்ச்சல் விடுகிறது. நோயாளி எழுந்து உட்காருகிறார். வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் துரத்தப்பட்ட பகைவன் எல்லாம் அழிந்துவிடவில்லை. பிறபொருளெதிரிகள் இலகுவில் எட்டாத சிறுநீரகக் குழாய்களில் அவன் ஒளிந்துகொள்கிறான். நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் ஏற்கெனவே பழுதடைந்திருக்கிறது. போரின் கடுமையால் உடலின் சொந்த உறுப்புகளும் சேதமடைகின்றன. ஒன்றிரண்டு நாள் இடைவெளியின் பின் சிலருக்கு இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. கண் மஞ்சளாகிறது, சலம் குறைகிறது, சுவாசப்பையில் இரத்தம் கசிகிறது. கடுமையான நோயில் நடுவே இடைவெளி எதுவும் இல்லாமலும் போகலாம்.

அந்த மனிதரின் உடல் தோற்றுப் போகவில்லை. அது தன்னால் இயன்றவரை போராடி, இரத்தத்தைத் துப்புரவாக்கியது. ஆனால் அதற்கு முன்னரே சிறுநீரகமும் சுவாசப்பையும் பழுதாகிவிட்டன. காய்ச்சல் விட்ட அந்த நாளை நாம் வெற்றி என்று எண்ணினோம். அது போர்க்களம் மாறிய நாள். டெங்குக் காய்ச்சலிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கேயும் காய்ச்சல் குறையும் வேளையிலேயே பலருக்கு ஆபத்து நேருகிறது.

எனினும் மனம் தளர வேண்டியதில்லை. எலிக்காய்ச்சல் பிடித்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு நோய் இலேசாகவே வந்து மாறிவிடுகிறது. கடுமையாக வந்தவர்களிலும், காலத்திற்கு வைத்தியசாலை சேர்ந்து, தேவைப்பட்டால் சில நாட்கள் இரத்தச் சுத்திகரிப்புச் செய்து பிழைத்தவர்கள் அநேகர். அவர்களிற் பெரும்பாலோரின் சிறுநீரகம் மீண்டும் பழையபடி வேலை செய்யத் தொடங்கும்.

மருந்து செய்யும் வேலை

எலிக்காய்ச்சல் பற்றீரியாவினால் வருவதால் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளுக்கு அது கட்டுப்படும். பென்சிலின் நுண்ணங்கியின் சுவரை ஆக்கவிடாமல் உடைக்கிறது. டொக்ஸிசைக்கிளின் அது புரதம் ஆக்குவதைத் தடுக்கிறது. அதனால் நுண்ணங்கி பெருக முடியாமல் நின்றுவிடுகிறது. எஞ்சியதை உடலின் காவலே முடிக்கிறது. மருந்து உடலுக்குப் பதிலாகப் போரிடுவதில்லை. பட்டறையில் ஆயுதம் தயாராகும்வரை பகைவனைக் கட்டி வைத்து, உடலுக்கு நாட்களைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. ஆகவேதான் முதல் நாட்களில் தொடங்கும் மருந்துக்கு இத்தனை பெறுமதி.

நோய் வருமுன் காப்பதற்கும் இதே டொக்ஸிசைக்கிளின் பயன்படுகிறது. பனாமாக் காடுகளில் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் போர்வீரர்களிடம் நடத்திய ஆய்வொன்று 1984இல் வெளியானது. வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்கிளின் எடுத்த அரைவாசிப் பேரில் ஒருவருக்கே எலிக்காய்ச்சல் வந்தது. வெறும் குளிசை எடுத்த மற்ற அரைவாசிப் பேரில் 20 பேருக்கு வந்தது. இலங்கையிலும் ஆபத்தான பிரதேசங்களில் வயலில் இறங்கும் கமக்காரருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மூலம் இந்தக் குளிசை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இது முழுமையான கவசம் அல்ல. குளிசை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் வைத்திய ஆலோசனையின்றி இதனை எடுக்கக் கூடாது. நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுக்கக் கூடாது.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த நுண்ணுயிர்கொல்லியில் மிஞ்சியதை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பதும், இரண்டு நாளில் சுகம் கண்டதும் மருந்தை நிறுத்துவதும், தடிமனுக்கெல்லாம் கடையில் கேட்டு வாங்குவதும் எமது கிராமங்களில் பரவலாக உள்ளன. தடிமன் வைரசினால் வருவது; இந்த மருந்து அதனை ஒன்றும் செய்யாது. அளவு குறைந்து எடுக்கும்போது பலவீனமான பற்றீரியாக்கள் இறக்க, வலுவானவை தப்பிப் பெருகுகின்றன. தொடர்ந்து ஒரே நாசினியைத் தெளித்த வயலில் பூச்சி அதற்குப் பழகிப் போவதைக் கமக்காரர் அறிவார்கள். இதுவும் அதேதான்.

ஒருமுறை வந்தால் மறுமுறை வராதா?

சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. ஆயுதம் செய்த கலங்களிற் சில அந்தப் பகைவனின் உருவத்தை மறவாமல் வைத்திருக்கின்றன. அடுத்த தடவை ஆயுதம் சில நாட்களிலேயே பெருமளவில் தயாராகிவிடும். இதனையே நிர்ப்பீடனம் என்கிறோம். தடுப்பூசியின் தத்துவமும் இதுவே. உண்மைப் போர் வருமுன் பகைவனின் சாயலை உடலுக்குக் காட்டி, பட்டறையைப் பழக்கி வைக்கிறது.

ஆனால் லெப்டோஸ்பைராவில் 250க்கும் மேற்பட்ட உபவகைகள் உண்டு. ஒன்றுக்குச் செய்த ஆயுதம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் மீண்டும் வரலாம். சில நாடுகளில் ஆபத்தான தொழில் செய்வோருக்கென மனிதருக்கான தடுப்பூசி பயன்படுத்தப்பட்டுள்ளது. எமது நாட்டில் அது வழக்கத்தில் இல்லை. எமக்கு இருக்கும் தடுப்பு முன்னவதானமும் மாரிக்குளிசையுமே.

நாம் செய்யக்கூடியவை

1. காலம் தொடங்குமுன் ஊராகச் சேர்ந்து வரம்புகளைச் செதுக்கி, எலிப்பொந்துகளை அழிக்க வேண்டும். ஒருவர் மட்டும் தம் வயலில் எலியை ஒழித்தால் அது பக்கத்து வரம்புக்குப் போய்விடும்.

2. உழவு தொடங்குவதற்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகித் தடுப்புக் குளிசை பற்றிக் கேட்க வேண்டும். கமக்கார அமைப்பு பெயர்ப்பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தால் வேலை இலகுவாகும்.

3. சேற்றில் நீள் சப்பாத்துடன் உழைப்பது கடினம் என்பதை நாம் அறிவோம். குறைந்த பட்சம் காயத்தையும் சேற்றுப்புண்ணையும் நீர் புகாதபடி மூடிக்கொண்டு இறங்கலாம். ஆறாத புண் உள்ளவர் ஆறும்வரை தேங்கிய நீரில் இறங்காதிருப்பதே நல்லது. வாய்க்கால் துப்புரவுக்கும் வெள்ளத்தின் பின்னான வேலைக்கும் சப்பாத்தும் கையுறையும் அணியலாம்.

4. வேலை முடிந்ததும் கிணற்று நீரில் சவர்க்காரம் போட்டுக் கால் கை கழுவ வேண்டும். வாய்க்கால் நீரில் முகம் கழுவுவதையும் வாய் கொப்பளிப்பதையும் தவிர்க்க வேண்டும். கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும்.

5. வயலில் இறங்கி ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் கண்டால், அதிலும் கெண்டைக்கால் நோ, தலையிடி, கண் சிவத்தல் சேர்ந்திருந்தால், முதலாம் இரண்டாம் நாளிலேயே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வயலில் இறங்கியதைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

6. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர்ந்த வேறு நோக்குளிசைகளைத் தாமாக எடுக்கக் கூடாது. அவற்றிற் சில இரத்தக் கசிவைக் கூட்டும், சிறுநீரகத்தையும் வருத்தும்.

7. காய்ச்சல் விட்டாலும் சலம் குறைதல், கண் மஞ்சளித்தல், மூச்சு வாங்குதல், இருமலில் இரத்தம், தொடர்ந்த சத்தி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

அந்தத் திண்ணையில் நாம் இவற்றை எல்லாம் விளக்கிச் சொன்னோம். அந்தத் தாய் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அப்ப முதல் நாளே கொண்டு போயிருக்க வேணும்" என்றார். "உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே, அம்மா" என்று மட்டுமே எம்மால் சொல்ல முடிந்தது. பிழை அவருடையது அல்ல. அறிந்தவர்கள் அறியாதவர்களுக்குச் சொல்லாமல் விட்டதே பிழை. அதில் எமக்கும் பங்குண்டு.

அடுத்த மாரிக்கு முன் இந்தப் பக்கத்தை வாசித்தவர்கள் குறைந்தது இரண்டு வீட்டுக்காவது இதனைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தாய் இப்போது தம் கிராமத்தில் வயலுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும், "காய்ச்சல் விட்டிட்டுது எண்டு இருந்திடாதேங்கோ" என்று சொல்லி வருகிறார்.